சோதனைத் தரவும் தவறு பற்றிய அறிவும்: போட்டிச் செய்நிரலாக்கத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கணனி விஞ்ஞானம் பயிலும் மாணவரிடையே போட்டிச் செய்நிரலாக்கம் எனப்படும் முயற்சி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்திலே 1970ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியொன்று, 1977இல் அட்லாண்டாவில் முதலாவது இறுதிச் சுற்றைக் கண்டு, காலப்போக்கில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சர்வதேசப் போட்டியாக வளர்ந்தது. பாடசாலை மாணவருக்கான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் ஆரம்பமாயிற்று. இப்போட்டிகளின் அமைப்பு எளிமையானது. ஒரு கணக்குத் தரப்படும். அதன் உள்ளீடு எவ்வெல்லைகளுக்குள் அமையும் என்பதும், விடை காண்பதற்கு எத்தனை விநாடி அனுமதிக்கப்படும் என்பதும் கூறப்படும். மாணவர் செய்நிரலை எழுதி ஒப்படைப்பர். அதனை வாசிப்பவர் எவருமிலர். முன்னரே ஆயத்தஞ் செய்து மறைத்து வைக்கப்பட்ட உள்ளீடுகளை இயந்திரம் அச்செய்நிரலுக்கு ஊட்டி, வரும் விடைகளை ஒப்புநோக்கிச் சித்தியா தோல்வியா என்று தீர்ப்பளிக்கும்.

வாசிப்பவர் எவருமிலர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எமது பரீட்சைகளிலே கணித விடைத்தாளைத் திருத்துபவர், இறுதி விடை பிழைத்தவிடத்தும் செய்கைவழியை நோக்கிப் புள்ளி வழங்குவார். விடை சரியாயிருந்தும் வழி பிழையெனிற் புள்ளியைக் குறைப்பார். தானியங்கி நடுவருக்கு இவ்விரண்டும் இயலாதவை. ஆகவே சரியான தீர்வு எது என்பதை வினாவின் வாசகம் வரையறுப்பதாகத் தோன்றினும், நடைமுறையில் அதனை வரையறுப்பது வினாவின் பின்னாலே மறைந்திருக்கும் சோதனைத் தொகுதியே எனலாம். சோதனையானது வழுக்கள் உண்டென்பதைக் காட்டவல்லதேயன்றி இல்லையென்பதைக் காட்டவல்லதன்று என 1969இல் ரோம் நகரில் நடைபெற்ற மென்பொருட் பொறியியல் மாநாட்டிலே டைக்ஸ்ட்ரா சுட்டிக்காட்டினார். போட்டி நடத்துவோர் இவ்வுண்மையை அறிந்துகொண்டே சோதனையின் பேரிற் புள்ளி வழங்குகின்றனர். ஒவ்வொன்றும் நூறு கோடி வரை அமையக்கூடிய ஓரிலட்சம் எண்களைக் கொண்ட உள்ளீடுகள் எத்தனை என்பதை எண்ணி முடித்தல் இயலாது. அவற்றுள் ஐம்பதையோ நூறையோ தெரிந்தெடுத்து, அவற்றிற் சித்தியடைந்தவர் யாவற்றிலும் சித்தியடைந்தவராவர் என ஏற்றுக்கொள்கின்றோம். எந்த ஐம்பது என்ற வினாவிலேயே நீதியும் அநீதியும் தங்கியுள்ளன.

இவ்வினாவுக்கு இக்கட்டுரையாளர் தரும் விடை இதுவாகும்: ஒவ்வொரு சோதனைத் தரவும் ஒரு குறிப்பிட்ட தவறான தீர்வை மனத்திற்கொண்டு ஆக்கப்படல் வேண்டும். யாரைப் பிடிப்பதற்கு இத்தரவு என்று கேட்டால் விடை சொல்ல இயலாத தரவு, இடத்தை நிரப்புவதன்றி வேறெதனையும் பெரிதாகச் செய்வதில்லை.

தொழில்முறை சார்ந்த அடிப்படைகளைச் சுருங்கக் கூறலாம். ருசியாவின் சரத்தோவ் நகரிலே மிர்சயானொவ் என்பார் வளர்த்தெடுத்த டெஸ்ட்லிப் என்னும் நிரலகம் இவ்வேலையை மூன்று உறுப்புகளாக வகுத்துள்ளது. தரவாக்கி உள்ளீட்டை உண்டாக்கும். உள்ளீட்டுச் சரிபார்ப்பி, உண்டான தரவு வினாவிற் கூறிய எல்லைகளை மீறவில்லை என்பதை உறுதிசெய்யும். விடைச் சரிபார்ப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ளவிடத்து மாணவரின் விடையை மதிப்பிடும். இம்மூன்றனுள் இரண்டாவது பலராலும் அலட்சியப்படுத்தப்படுவது. எல்லை மீறிய தரவொன்று தொகுதியிலே புகுந்துவிடின், வினாவை நம்பி எழுதியவரே தோற்பார். தரவாக்கியிற் கவனிக்க வேண்டியது, ஒரே கட்டளைக்கு ஒரே தரவு எக்காலத்தும் எவ்வியந்திரத்திலும் கிடைக்க வேண்டும் என்பதாகும். பழைய விண்டோஸ் தொகுப்பிகளிலே சீ மொழியின் எழுமாற்றெண் சார்பு 32,767இற்கு மேற்பட்ட எண்ணைத் தருவதில்லை. பத்து லட்சம் வரை எண்கள் வேண்டுமெனக் கருதி அதனை நேரே பயன்படுத்தியோர், தம் பெருந்தரவில் ஒரு பெரிய எண்ணேனும் இல்லையென்பதை அறியாமலே போட்டியை நடத்தியிருப்பர்.

அடுத்து வருவன சிறிய தரவுகள். பெரிய தரவே கடினமான தரவு என்ற எண்ணம் புதியோரிடத்து வலுவாக உண்டு. ஆயின் தருக்கப் பிழைகளிற் பெரும்பாலானவை மிகச் சிறிய உள்ளீடுகளிலேயே வெளிப்படுகின்றன. ஒரு தொகையை ஆகக் குறைந்த எண்ணிக்கையான நாணயங்களாற் கொடுக்க வேண்டும் என்ற கணக்கை நோக்குக. பெரிய நாணயத்தை முதலில் எடுத்து மிகுதிக்கு அடுத்ததை எடுக்கும் வழி எவர்க்கும் இயல்பாகத் தோன்றும். ரூபா 1, 2, 5, 10, 20, 50, 100 என்னும் எமது பெறுமதிகளுக்கு அவ்வழி எப்போதும் சரியான விடையையே தருமாதலின், சந்தையிற் பழகிய அறிவு அதனை ஐயுறுவதில்லை. நாணயங்கள் 1, 3, 4 எனவும் தொகை 6 எனவும் கொண்டால், அவ்வழி 4, 1, 1 என மூன்று நாணயங்களைத் தரும். 3, 3 என இரண்டே போதுமானவை. இத்தகைய எதிர்க்காட்டை மூளையைக் கசக்கித் தேட வேண்டியதில்லை. மந்தமானதெனினும் ஐயத்துக்கிடமற்ற முரட்டுவழித் தீர்வொன்றை எழுதி, சிறிய உள்ளீடுகள் அனைத்திலும் அதனையும் ஐயத்துக்குரிய தீர்வையும் ஒப்பிட்டால் அது தானே வெளிப்படும். 1 முதல் 3 வரையான எண்களாலாய, நீளம் ஆறுக்கு மேற்படாத வரிசைகள் மொத்தம் 1092 மட்டுமே. ஆறு கணுக்களுக்குரிய வரைபுகள் 32,768. இவற்றை முழுவதும் ஆராய ஒரு கணப்பொழுது போதும். ஓரெச்சரிக்கை மட்டும் உண்டு. வினாவை ஆக்கியவரே முரட்டுவழித் தீர்வையும் எழுதுவாராயின், வினாவை அவர் தவறாக விளங்கிக்கொண்டவிடத்து இரண்டும் ஒரே தவறைச் செய்யும். வினாத்தாளை மட்டுமே கண்ட மற்றொருவர் அதனை எழுதுதல் நன்று.

இனி, எழுமாற்றுத் தரவின் மயக்கத்துக்கு வருவோம். நேரமில்லாத பரீட்சகர் செய்வது யாதெனில், எல்லாவற்றையும் எழுமாறாகத் தெரிந்து பத்துத் தரவுகளை உண்டாக்கி, பெரியனவும் சிறியனவும் கலந்துள்ளன என அமைதியடைவதாகும். எழுமாறு என்பது பக்கச்சார்பின்மை போலத் தோன்றுகின்றமையே இதன் கவர்ச்சி. நுணுகி நோக்கின், எழுமாற்றுத் தரவு ஒரு குறுகிய வகையைச் சார்ந்தது என்பது புலப்படும். ஓரிலட்சம் கணுக்களைக் கொண்ட மரமொன்றை உண்டாக்க வேண்டுமெனக் கொள்வோம். ஒவ்வொரு புதிய கணுவையும் முன்னுள்ள கணுக்களுள் யாதேனும் ஒன்றுடன் சமவாய்ப்புடன் இணைத்தல் எல்லோருங் கையாளும் வழி. இவ்வாறு உண்டாகும் மரத்திலே இறுதிக் கணுவின் சராசரி ஆழம் சுமார் 12. மரத்தின் முழு உயரமே 30 அளவில் அடங்கிவிடும். பெயரிடப்பட்ட மரங்கள் யாவற்றுள்ளும் ஒன்றைச் சமவாய்ப்புடன் தெரிந்தால் உயரம் சராசரி 800இற்கு அணித்தாக வரும். இரண்டுமே எழுமாறெனப்படும், இரண்டும் வெவ்வேறு உலகங்கள். கணுக்கள் யாவும் ஒரே சங்கிலியாய் அமையின் ஆழம் 99,999. இப்போது, கணுவிலிருந்து வேர்வரை ஒவ்வோர் அடியாக ஏறிச்செல்லும் எளிய தீர்வை எண்ணிப்பாருங்கள். ஓரிலட்சம் வினவல்களுக்கு முதலாவது மரத்தில் அது சுமார் 12 லட்சம் அடிகளே ஏறும். விநாடியின் சிறு பகுதியில் முடித்துவிடும். சங்கிலியின் அடியிலுள்ள கணுக்களை வினவினால் ஆயிரம் கோடி அடிகளை அணுகும். வினாவின் நோக்கமே இவ்வெளிய வழியை விலக்கி நுட்பமான வழியைக் கற்பிப்பதாயிருக்க, முதல் வகை மரங்களை மாத்திரங் கொண்ட தொகுதி எளிய வழிக்கும் முழுப்புள்ளி வழங்கும். சங்கிலி மட்டும் போதுமென்பதுமில்லை. கணுக்களின் இலக்கங்களைக் குலைக்காது 1, 2, 3 என்ற ஒழுங்கிலே சங்கிலியைத் தந்தால், அவ்வொழுங்கை மறைமுகமாக நம்பி எழுதப்பட்ட பிழையான தீர்வுகள் தப்பிவிடும்.

சரங்களிலும் இவ்வாறே. நீண்ட சரமொன்றிற் குறுஞ்சரமொன்றைத் தேடும் கணக்கில் எழுத்துக்கள் எழுமாறாக அமைந்தால், ஒவ்வோரிடத்திலும் ஒப்பீடு ஓரிரு எழுத்துக்களிலேயே முறிந்துவிடும். எந்த முரட்டுவழியும் விரைவானதாகத் தோன்றும். இரண்டு லட்சம் அகரங்களைக் கொண்ட சரத்திலே, ஓரிலட்சத்துக்கு ஒன்று குறைவான அகரங்களும் இறுதியில் ஓர் ஆகாரமும் கொண்ட சரத்தைத் தேடச் சொன்னால் அவ்வழியின் உண்மையான விலை வெளிப்படும்.

இக்கட்டுரையாளர் தாம் செய்த பிழையொன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். முதலாம் வருட மாணவர்க்கு அமைத்த பயிற்சியொன்றிலே, தரப்பட்ட வரைபின் கணுக்களை, ஒரே பகுதிக்குள் விளிம்பெதுவும் அமையாதவாறு இரு பகுதிகளாகப் பிரித்தல் கூடுமா என வினவப்பட்டது. விடை ஆம் அல்லது இல்லை. ஓரிலட்சம் கணுக்களும் இரண்டு லட்சம் விளிம்புகளும் எழுமாறாகத் தெரியப்பட்டன. அத்தகைய வரைபிலே ஒற்றை நீளச் சுற்றொன்று இல்லாதிருத்தல் அநேகமாக நடவாத காரியம் என்பதை ஆக்கியோன் சிந்திக்கவில்லை. தரவுகள் அனைத்துக்கும் விடை 'இல்லை' என்றே அமைந்தது. ஒரு மாணவர் உள்ளீட்டை வாசிக்காமலே 'இல்லை' என்று அச்சிடும் ஒற்றை வரியை ஒப்படைத்து நூற்றுக்கு நூறு பெற்றார். முறையை நன்கு விளங்கி எழுதிய இன்னொரு மாணவரின் செய்நிரல், தன்னைத் தானே அழைக்கும் சார்பின் ஆழம் மிகுந்தமையால் நினைவகம் நிரம்பி இடையில் நின்று பூச்சியம் பெற்றது. இரண்டாமவர் வந்து காரணங் கேட்டபோதுதான் முழுத் தொகுதியும் திறந்து பார்க்கப்பட்டது. வினா ஆம் அல்லது இல்லை என்ற விடையை வேண்டுமாயின், முதலில் ஆம் என்ற விடைக்குரிய வரைபைத் திட்டமிட்டு அமைத்து, பின் ஒரே ஒரு விளிம்பைத் தகாத இடத்திற் சேர்த்து அதன் இரட்டையை உண்டாக்கல் வேண்டும். அந்த ஒற்றை விளிம்பைக் காணத் தவறும் தீர்வு யாது என்ற கேள்வியிலிருந்தே தரவு பிறக்கிறது.

மிகக் கொடிய உள்ளீட்டைத் திட்டமிட்டு அமைத்தல் கணனிக்கு முற்பட்ட கலை. இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் யூக்கிளிட்டின் முறைக்கு அதிக படிகளைத் தேவைப்படுத்துவன அடுத்தடுத்த பிபனாச்சி எண்களே என்பதை 1844இற் பிரெஞ்சு அறிஞர் லாமே நிறுவினார். முதன்மை எண்ணைச் சோதிக்கும் கணக்கிலே பேர்மாவின் தேற்றத்தை மட்டும் நம்பும் தீர்வுகளை மயக்குவன கார்மைக்கேல் எண்கள் எனப்படும் பகு எண்கள். அவற்றுள் முதலாவது 561. இராமானுசன் பெயருடன் வழங்கும் 1729உம் அவ்வினத்ததே என்பது பலர் கவனியாத செய்தி. கணனி யுகத்திலே இதன் சிறந்த உதாரணம், மக்கில்ராய் 1999இல் விரைவு வரிசைப்படுத்தல் முறைக்கு எதிராக வெளியிட்ட எதிரியாகும். அம்முறை வரிசையிலிருந்து ஓர் எண்ணை நடுவாகத் தெரிந்து, ஏனையவற்றைச் சிறியன பெரியன எனப் பிரிக்கும். மக்கில்ராய் எண்களுக்குப் பெறுமதியை முன்கூட்டி நிர்ணயிக்கவில்லை. இரு எண்களை ஒப்பிடும்படி செய்நிரல் கேட்கும்போதே, நடுவாகத் தெரியப்படக்கூடியதெனத் தோன்றும் எண்ணுக்கு, எஞ்சியவற்றுள் ஆகச் சிறிய பெறுமதியை வழங்கினார். இதனால் ஒவ்வொரு பிரிப்பும் ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஓட்டம் முடிந்தபின் நிர்ணயமான பெறுமதிகளே தரவு. அதாவது, தாக்கப்படும் செய்நிரலே தன்னைத் தாக்கும் தரவைத் தன் வினாக்களால் எழுதிக்கொடுக்கின்றது. ஓரிலட்சம் எண்களுக்குச் சில பத்து லட்சம் ஒப்பீடுகளுடன் முடிய வேண்டிய வேலை நூற்றுக்கணக்கான கோடிகளை எட்டுகின்றது.

இன்னொன்று கணித அழகால் இதனையும் விஞ்சுவது. சரங்களை ஒப்பிடுவதற்கு அவற்றை எண்ணாக மாற்றி எண்களை ஒப்பிடும் ஹாஷ் முறை போட்டியாளரிடம் பிரபலமானது. எழுத்துக்களை ஓர் அடியெண்ணின் வலுக்களாற் பெருக்கிக் கூட்டி, 2இன் 64ஆம் வலுவால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்வர். 64 பிட் எண்கள் கொள்ளளவை மீறும்போது இம்மீதி தானே கிடைப்பதால் இது செலவற்ற வழி. அடியெண் யாதென்பதை நாம் அறியோமாதலின் இதனைத் தாக்க முடியாதென்றே பலர் நம்பினர். அ என்பதிலிருந்து தொடங்குக. அ, ஆ இரண்டையும் இடம்மாற்றிப் பெற்ற சரத்தை ஒவ்வொரு முறையும் பின்னே சேர்க்க: அஆ, பின்னர் அஆஆஅ, பின்னர் அஆஆஅஆஅஅஆ. பிரெஞ்சுக் கணிதரான புரூவே 1851இலும், நோர்வேயின் தூவே 1906இலும், அமெரிக்கரான மோர்ஸ் 1921இலும் வெவ்வேறு காரணங்களுக்காக இதனை எதிர்கொண்டனர். பத்து மடிப்புகளில் 1024 எழுத்துக்கள் உண்டாகும். இச்சரத்துக்கும், அ, ஆ இடம்மாறிய அதன் எதிர்ச்சரத்துக்கும் உரிய எண்களின் வித்தியாசம் பத்துக் காரணிகளின் பெருக்கமாய் அமையும். அடியெண் ஒற்றையெனின் முதற்காரணியில் இரண்டு ஒருமுறையும், அடுத்ததில் மூன்று முறையும், பின் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடி இறுதியிற் பதினொரு முறையும் குறைந்தபட்சம் அடங்கியிருக்கும். கூட்டினால் மொத்தம் சரியாக 64. ஆகவே எந்த ஒற்றை அடியெண்ணை இரகசியமாக வைத்திருந்தாலும் இருவேறு சரங்களும் ஒன்றெனவே தோன்றும். பெரிய முதன்மை எண்ணால் வகுத்து, அடியெண்ணை ஒவ்வோர் ஓட்டத்திலும் எழுமாறாகத் தெரிதலே இதற்கு மாற்று.

இவ்வகைத் தாக்குதல்கள் நியாயமானவையா என்ற வினா எழுகின்றது. மொழியின் நிரலகத்திலுள்ள வரிசைப்படுத்தற் சார்பை நம்பிய முதலாம் வருட மாணவரை அச்சார்பின் உட்பலவீனத்தைக் கொண்டு வீழ்த்துதல், கணக்கை விளங்கியவரைத் தண்டிப்பதாகும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஹாஷ் முறையைத் தானே எழுதியவரிடம் அதன் ஆதாரத்தைக் கேட்பது வேறு. எல்லைப் பெறுமதிகளை எவரிடமுங் கேட்கலாம்: ஓரிலட்சம் எண்கள் ஒவ்வொன்றும் நூறு கோடியாயின் கூட்டுத்தொகை ஒரு கோடி கோடி, 32 பிட் முழுவெண்ணோ 214 கோடி அளவையே கொள்ளும். இது கற்றோரையும் ஏமாற்றும். யாவா மொழியின் நிரலகத்திலிருந்த இருகூறிட்டுத் தேடும் செய்நிரலில், இரு முனைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி மிகப் பெரிய வரிசைகளிற் பிழைக்கும் என்பதை அதனை எழுதிய புளொக் என்பாரே 2006இல் அறிவித்தார். அவ்வழு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்தது.

மறைத்துவைத்த தரவு ஓர் அதிகாரம் என்பதையும் முற்போக்கு வாசகர் அவதானிப்பர். அவ்வதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் முயற்சிகள் சில உள. 2001இல் தொடங்கிய டொப்கோடர் போட்டிகளிலும், 2010இற் சரத்தோவிலே தொடங்கிய கோட்போர்சஸ் போட்டிகளிலும், போட்டியாளர் பிறரின் தீர்வை வாசித்து அதனை வீழ்த்தும் தரவைத் தாமே ஆக்கிச் சமர்ப்பிக்க வழிசெய்யப்பட்டது. கோட்போர்சஸில் இவ்வாறு வென்ற தரவுகள் இறுதிச் சோதனைத் தொகுதியிற் சேர்க்கப்படுவதும், போட்டி முடிந்தபின் தரவுகளை எவரும் பார்க்க இயல்வதும் குறிப்பிடத்தக்கவை. தகவலியல் ஒலிம்பியாட் 2010 முதல் தரவுகளை உபபணிகளாகத் தொகுத்து, ஒரு தொகுதியிலுள்ள யாவற்றிலும் சித்தியடைந்தவர்க்கே அதன் புள்ளியை வழங்குகின்றது. தனித்தனித் தரவுக்குப் புள்ளி வழங்கும் முறையில் 'இல்லை' என அச்சிடும் ஒற்றை வரி, தரவுகள் செவ்வனே கலந்திருந்தாலும் அரைப்புள்ளி பெற்றுவிடும்.

அண்மைக் காலத்திலே இவ்விடயம் போட்டி மண்டபத்தை விட்டு வெளியே வந்துள்ளது. செய்நிரல் எழுதும் மொழி மாதிரிகளை மதிப்பிடுவதும் இத்தகைய தரவுகளாலேயே. 2022இல் டீப்மைண்ட் நிறுவனத்தார் அல்பாகோட் என்னும் மாதிரியை வெளியிட்டபோது, தாம் முதலிற் சேகரித்த தரவுகளிற் சித்தியடைந்த மாதிரியின் தீர்வுகளைப் பரிசோதித்து, 62 சதவீதமான கணக்குகளிலே அவை உண்மையிற் பிழையானவை எனக் கண்டனர். இருந்த உள்ளீடுகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் புதியன உண்டாக்கி, பல சரியான தீர்வுகள் ஒரே விடையைத் தந்தவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டபோது அவ்வீதம் 4 ஆகக் குறைந்தது. பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆயின், விடை சரியாயினும் வழி மந்தமாய் அமைந்து தப்பிய தீர்வுகளையுஞ் சேர்த்தால் அவ்வீதம் 46 ஆயிற்று என்பதையும் அவர்களே பதிவுசெய்துள்ளனர். இவ்வேறுபாட்டின் காரணம் மேலே கூறியவற்றிலிருந்து பெறப்படும். ஓர் எண்ணை மாற்றி, ஓரெழுத்தை மாற்றிச் செல்லும் இயந்திரம் நாணயக் கணக்கின் எதிர்க்காட்டை விரைவிற் கண்டுவிடும். 99,999 ஆழமுள்ள சங்கிலியையோ 1024 எழுத்துச் சரத்தையோ அவ்வழியில் அது அடைவது அரிது. அதற்கு, தீர்வை எழுதியவர் எதனை நம்பினார் என்பதை அறிதல் வேண்டும்.

இம்மாதிரிகளைப் பயிற்றுவதற்கும் இன்று சோதனையின் தீர்ப்பே வெகுமதியாகப் பயன்படுத்தப்படுகின்றது. மனித மாணவர் 'இல்லை' என்று அச்சிட்டு முழுப்புள்ளி பெற்றால், தாம் கணக்கைச் செய்யவில்லை என்பது அவருக்கேனுந் தெரியும். முன்னர்க் கூறிய மாணவர் அதனை மறைக்கவுமில்லை. ஒப்படைத்த வரிக்கு மேலே, தரவு போதாது என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இயந்திரம் அக்குறிப்பை வாசிக்கவில்லை.